நீர் வகுத்த கோடும் நிலம் வகுத்த கோடும்

பினாங்கு மாநிலத்தின் அரசியலைக் குறித்து நம்மிடையே எளிய விளக்கம் ஒன்று வழங்குகிறது. தீவு நகரம், பெருநிலம் நாட்டுப்புறம். தீவு ஆள்கிறது, பெருநிலம் ஆளப்படுகிறது. இடையில் கிடக்கும் கடல்தான் எல்லை. பட்டர்வொர்த்தில் வாழ்வோர் இதைச் சற்று மனத்தாங்கலோடு சொல்வர். ஜார்ஜ்டவுனில் வாழ்வோர் சற்றுப் பெருமிதத்தோடு சொல்வர். இவ்விளக்கம் முழுப் பொய்யில்லை. ஆனால் இது மேற்புறத்து அடுக்கு மட்டுமே. அதை நீக்கி அடுத்ததையும், அதற்கடுத்ததையும் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். வாசகர் விரையாமல் உடன்வர வேண்டுகிறேன்.

எளிய விளக்கம் எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் காண்போம். 1786 இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றினார். எதிர்க்கரையில் இருந்த நிலப்பட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினி கெடா சுல்தானிடமிருந்து பெற்றது 1800 இல்தான். அன்றைய தலைமை ஆளுநரின் பெயரால் அது வெல்லெஸ்லி மாகாணம் ஆயிற்று. இன்று செபராங் பிறை. 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் பட்டர்வொர்த்தின் பெயர் அதன் துறைமுக ஊருக்கு இடப்பட்டது; மலாய்க்காரர் அவ்வூரைப் பாகான் என்பர். துறைமுகத்தைக் கொண்ட தீவுக்குச் சோறும் பாதுகாப்பும் தரும் புறநிலமாகவே எதிர்க்கரை சேர்க்கப்பட்டது. தீவு தலை, பெருநிலம் உடல் என்னும் எண்ணத்துக்கு ஆகவே இருநூறு ஆண்டு வயது.

எண்கள் இன்று அவ்வெண்ணத்துக்கு எதிராக நிற்கின்றன. 2020 கணக்கெடுப்பின்படி செபராங் பிறையில் ஏறத்தாழ 9 லட்சத்து 46 ஆயிரம் பேரும், தீவில் ஏறத்தாழ 7 லட்சத்து 94 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். மாநிலச் சட்டமன்றத்தின் 40 தொகுதிகளில் 21 பெருநிலத்தில் உள்ளன. நாடாளுமன்றத்தின் 13 தொகுதிகளில் 7. பிளவு கடலைப் பற்றியதாக மட்டும் இருந்திருந்தால், பெருநிலத்தார் ஒன்றுகூடி என்றோ ஆட்சியைக் கைக்கொண்டிருப்பர். அவ்வாறு நிகழவில்லை, ஏனெனில் பெருநிலத்தார் ஒரு தரப்பாக ஒருபோதும் வாக்களித்ததில்லை.

எனவே கோடு வேறெங்கோ கிடக்கிறது. அதைக் காண 2023 ஆகஸ்ட் 12 அன்று நடந்த மாநிலத் தேர்தலின் முடிவைத் தொகுதி தொகுதியாக வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்காத்தான் ஹராப்பானும் தேசிய முன்னணியும் சேர்ந்த அணிக்கு 29 இடங்கள். பெரிக்காத்தான் நேஷனலுக்கு 11. அந்தப் பதினொன்றில் ஒன்பது பெருநிலத்தில் உள்ளன: வடக்கே பெனாகா, பினாங் துங்கால், பெர்மாத்தாங் பெராங்கான், சுங்கை டுவா, தெலுக் ஆயர் தாவார், நடுவே செபராங் ஜெயா, பெர்மாத்தாங் பாசிர், பெனாந்தி, தெற்கே சுங்கை பாக்காப். எஞ்சிய இரண்டு எங்கே என்பதுதான் நம் பாடத்துக்கு முக்கியம். அவை தீவிலேயே உள்ளன: பூலாவ் பெத்தோங், தெலுக் பஹாங். குன்றுத் தொடருக்கு அப்பால், டுரியான் தோப்பும் சாதிக்காய்த் தோட்டமும் மீன்பிடித் துறையுமாக இருக்கும் மேற்குக் கரை அது. குன்றுக்கு இப்பால் ஆயர் ஈத்தாமும் கொம்தாரும் பக்காத்தானின் ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜசெக) வாக்களித்த அதே நாளில், குன்றுக்கு அப்பால் மறு அணி வென்றது. பெருநிலத்திலோ பட்டர்வொர்த்தின் மூன்று தொகுதிகளும், பிறையும், புக்கிட் மெர்தாஜாமும் தீவின் நகரப் பகுதியைப் போலவே வாக்களித்தன. கடல் பிரிக்காததை ஒரு குன்று பிரித்திருக்கிறது. பாலங்கள் இரண்டு இணைக்காததை ஒரு வாழ்க்கைமுறை இணைத்திருக்கிறது.

இக்கோடு 2023 இல் புதிதாகப் பிறந்ததும் இல்லை. 2008 மார்ச் 8 தேர்தலிலும் முடிவு 29க்கு 11 என்றே அமைந்தது. அன்று பதினோரு இடங்களையும் பெற்றது தேசிய முன்னணியின் தலைமைக் கட்சியான அம்னோ. பதினைந்து ஆண்டு கழித்துப் பதினொன்றைப் பெற்றது அம்னோவை எதிர்த்த பெரிக்காத்தான். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால் எட்டுத் தொகுதிகள் இரண்டிலும் வருகின்றன. மறுபுறம், 2008, 2013, 2018, 2023 ஆகிய நான்கு தேர்தல்களிலும் ஜசெக பெற்ற இடங்கள் மாறாமல் 19. கட்சிகளின் பெயர் மாறுகிறது. கூட்டணிகளின் பெயர் மாறுகிறது. நிலம் தன் வாக்கை மாற்றுவதில்லை. 2018 இல் பக்காத்தான் 37 இடங்களை வென்றபோது கோடு அழிந்துவிட்டதாகப் பலரும் எழுதினர். அம்னோவும் பாஸும் அன்று தனித்தனியே நின்றதால் ஒரே நிலத்தின் வாக்கு இரண்டாகப் பிரிந்தது என்பதை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வெள்ளத்திலும் மூழ்காத மூன்று தொகுதிகளான பெனாகா, பெர்மாத்தாங் பெராங்கான், சுங்கை டுவா மூன்றுமே பெருநிலத்தின் வடபகுதியைச் சேர்ந்தவை.

இப்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. இக்கோட்டை நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடைப்பட்ட கோடு என்று நாம் சொல்லிவிட்டோம். ஆனால் அரசின் புள்ளிவிவரத் துறை அதை ஏற்காது. 2020 கணக்குப்படி மலேசியாவில் நகரவாசிகள் 75.1 விழுக்காடு, பினாங்கில் 92.5 விழுக்காடு. நாட்டுப்புறத்தார் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லாத மாநிலத்தில், சட்டமன்றத்தின் நாற்பதில் பதினோர் இடங்கள் நாட்டுப்புறத்தின் குரலாக எவ்வாறு ஒலிக்க முடியும்?

விடை வரையறையில் இருக்கிறது. பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் வாழும் கட்டமைந்த பகுதி, அதில் வேலைசெய்யும் வயதினருள் அறுபது விழுக்காட்டினராவது உழவல்லாத் தொழிலில் இருத்தல்: இவையே நகரம் என்பதற்குத் துறை கொள்ளும் அளவுகோல்கள். அதன்படி, காலையில் பேருந்தேறிப் பிறைத் தொழிற்பேட்டைக்குச் செல்லும் பெனாந்திக் கம்பத்து இளைஞரும் நகரவாசியே. அவர் தாத்தா நெல் அறுத்தார். அவர் மின்னணுப் பலகையில் பற்றவைக்கிறார். ஆனால் அவர் உறங்குவது தாத்தாவின் நிலத்தில். தொழுவது அதே பள்ளிவாசலில். திருமணத்துக்குக் கூடுவது அதே உறவுகளோடு. புள்ளிவிவரம் அவருடைய தொழிலை எண்ணுகிறது. வாக்குச்சீட்டு அவருடைய ஊரை எண்ணுகிறது.

நம் பழைய வழக்கு இங்கே துணைசெய்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பதும் நகரம் என்பதும் வெறும் இடப்பெயர்கள் இல்லை, முடிவெடுக்கும் அவைகள். வேளாண் ஊர்கள் பலவற்றின் தொகுதி நாடு, அதன் அவையோர் நாட்டார். வணிகர் குடியிருப்பின் அவை நகரம், அதன் அவையோர் நகரத்தார். தரிசா விளைநிலமா, குடிசையா மாடமா என்பது அங்கே அளவுகோல் ஆகவில்லை. யாரோடு கூடி முடிவெடுக்கிறோம் என்பதே அளவுகோல். பினாங்கின் தேர்தல் வரைபடமும் ஏறத்தாழ இப்பொருளில்தான் நாடென்றும் நகரமென்றும் பிரிந்து கிடக்கிறது. செபராங் ஜெயா நெடுஞ்சாலையோரத்துத் திட்டமிட்ட நகரியம். மருத்துவமனை, பேரங்காடி, அடுக்குமாடி எல்லாம் உண்டு. பெர்மாத்தாங் பாவிலோ பல்கலைக்கழக வளாகமே உண்டு. இரண்டையும் கண்ணால் பார்த்து நாட்டுப்புறம் என்று எவரும் சொல்லமாட்டார். எனினும் 1982 முதல் நாற்பது ஆண்டுகள் அன்வார் இப்ராஹிம் குடும்பத்தைக் கைவிடாத பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்றத் தொகுதி, 2022 நவம்பரில் அவர் மகள் நூருல் இஸாவைத் தோற்கடித்தது. அன்வார் பிரதமரானது அதே தேர்தலின் முடிவில்தான். மறுபுறம், மலாய் வாக்காளர் மிகுந்த பத்து மாவுங், விமான நிலையத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டியது; அது ஆளும் அணிக்கே வாக்களித்தது. இனமே எல்லாம் என்று சொல்லிவிட இயலாதென்பதற்கு இது சான்று. இனமே இல்லை என்பதற்கும் சான்றாகாது.

இவ்விடத்தில் இனத்தைப் பற்றி நேராகப் பேசிவிட வேண்டும். மாநிலத்தில் பூமிபுத்திராக்களும் சீனரும் தனித்தனியே 45 விழுக்காட்டை ஒட்டியவர்கள். இந்தியர் பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்தவர்கள். பெரிக்காத்தான் வென்ற தொகுதிகள் அனைத்திலும் மலாய் வாக்காளரே பெரும்பான்மை. ஆகவே நகரம், நாட்டுப்புறம் என்று பேசுவது இனத்தைப் பேசாமல் தப்பிக்கும் நாகரிகம் மட்டுமே என்று சிலர் கூறுவர். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் எந்த இனம் எந்த நிலத்தில் வாழ்கிறது என்பது இயற்கையாக நேர்ந்ததன்று. 1821 இல் சயாமியர் கெடாவைத் தாக்கியபோது அங்கிருந்து ஓடிவந்த மலாய்க் குடியினர் வடக்கு வெல்லெஸ்லியில் வயல் திருத்தினர். தீவுத் துறைமுகத்தில் சீன வணிகர் குடியமர்ந்தனர். தெற்கே ஆங்கிலேயரும் சீனரும் கரும்புத் தோட்டம் எழுப்பி, அங்கே வேலைக்குத் தமிழரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். நெல், துறைமுகம், கரும்பு: மூன்று பொருளியல்கள் மூன்று இனத்தாரை மூன்று இடங்களில் நட்டன. இனம் நிலத்தின்மேல் பின்னர் வந்து படிந்த வண்ணமாகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே கையால் ஒரே காலத்தில் வகுக்கப்பட்டவை.

விடுதலைக்குப் பின் வந்த ஆட்சிகள் இப்பிளவை நீக்கவில்லை. ஒரே கூரைக்குள் வைத்துக்கொண்டன. 1969 முதல் லிம் சோங் இயூவும், 1990 முதல் கோ சூ கூனும் முதலமைச்சர்களாக இருந்த காலத்தில், நகரத்தைக் கெராக்கானும் மசீசவும் பார்த்துக்கொண்டன. கம்பத்தை அம்னோ பார்த்துக்கொண்டது. 1972 இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வலயம் திறந்ததும் 1985 இல் முதற்பாலம் திறந்ததும் இந்த ஏற்பாட்டின் காலத்தில்தான். நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையே பேரம் நடந்தது. ஆனால் அது ஆளுங்கூட்டணியின் மூடிய அறைக்குள் நடந்தது. 2008 இல் அந்த அறை உடைந்தது. அதன்பின் நகரம் ஆளுங்கட்சி, நாட்டுப்புறம் எதிர்க்கட்சி என்றாயிற்று; பேரம் வெளிப்படையான பகையாயிற்று. கூட்டரசு ஒரு கையிலும் மாநிலம் மறு கையிலும் இருந்த அக்காலத்தில், ஒரே கம்பத்தில் மாநில அரசு அமைத்த கிராமக்குழு ஒன்றும் கூட்டரசு அமைத்த குழு மற்றொன்றுமாக இரண்டு இயங்கின. சாலை விளக்குக்கு யாரிடம் மனுக்கொடுப்பது என்பதே கட்சி அடையாளமாகிவிட்டது. 2023 இல் பக்காத்தானும் அம்னோவும் கைகோத்துப் பழைய அறையை மீண்டும் கட்ட முயன்றன. அம்னோவுக்கு ஒதுக்கப்பட்டவை ஆறு தொகுதிகள். வென்றவை இரண்டு, பெர்த்தாமும் சுங்கை ஆச்சேயும். அறையைக் கட்டினார்கள், குடியிருந்தவர்கள் திரும்பி வரவில்லை.

வாக்கின் எடை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வேன். நாட்டுப்புறத் தொகுதிகளில் வாக்காளரைச் சென்றடைவது கடினம் என்பதால் அவற்றுக்குச் சற்றுக் கூடுதல் எடை தரலாம் என்று கூட்டரசு அரசமைப்பின் பதின்மூன்றாம் அட்டவணை கூறுகிறது. 1957 இல் இந்த வேறுபாட்டுக்கு 15 விழுக்காடு என்னும் வரம்பு இருந்தது. 1962 திருத்தம் அதைத் தளர்த்தியது. 1973 திருத்தம் வரம்பையே நீக்கியது. விளைவாக, 2022 பொதுத்தேர்தலில் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளரும் சரவாக்கின் இகான் தொகுதியில் முப்பதாயிரத்துக்கும் குறைந்தவர்களும் ஆளுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். பினாங்கின் பிளவை இது விளக்காது. சிறிய மாநிலம், தொலைவு என்னும் காரணம் இங்கே வலுவிழந்தது. நாட்டுப்புறத்தின் வாக்குக்கு இங்கே எடை குறைவு என்பது குறையே இல்லை. வாக்களித்த பின் என்ன நேர்கிறது என்பதே குறை.

அதை நீரிலும் குப்பையிலும் தெளிவாகக் காணலாம். மாநிலம் பருகும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதைத் தூய்மைசெய்யும் பெரிய ஆலை சுங்கை டுவாவில் இருக்கிறது. அங்கிருந்து குழாய்கள் பட்டர்வொர்த்துக்கும், கடலுக்கடியில் தீவுக்கும் செல்கின்றன. 2024 ஜனவரி 10 முதல் அவ்வாலையில் பழைய அடைப்பான்களை மாற்றும் பணி நடந்தபோது, தீவின் அடுக்குமாடிகள் உட்பட ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் வறண்டன. நகரவாசிகள் பலர் தம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அன்றுதான் அறிந்தனர். இது வடக்கு. தெற்கே, நிபோங் திபாலுக்கு மேற்கில் கடலோரத்தில் பூலாவ் புரோங் குப்பைக் கிடங்கு உள்ளது. தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் அங்கேதான் சேர்கின்றன. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது; அருகிலிருந்த பைராம் பகுதிக் குடும்பங்கள் வீட்டைவிட்டு மண்டபத்தில் தங்க நேர்ந்தது. நகரத்தின் தாகத்துக்கு வடக்கு நாட்டுப்புறமும், நகரத்தின் கழிவுக்குத் தெற்கு நாட்டுப்புறமும் பொறுப்பேற்கின்றன. கிடங்கு எங்கே அமைவது, குழாய் எவ்வழி செல்வது என்னும் முடிவுகள் இரண்டிலும் இல்லாத வேறிடத்தில் எடுக்கப்படுகின்றன. பினாங்கில் நாட்டுப்புறம் என்பதற்கு நான் தரும் பொருள் இதுவே: பிறர் எடுத்த முடிவின் விளைவு வந்து இறங்கும் இடம். இப்பொருளில் அதற்கு வயலும் தேவையில்லை, தோப்பும் தேவையில்லை.

2024 ஜூலை 6 அன்று நடந்த சுங்கை பாக்காப் இடைத்தேர்தல் இதற்கு நல்ல சான்று. சட்டமன்ற உறுப்பினர் மறைந்ததால் வந்த தேர்தல் அது. ஆளும் அணி அமைச்சர்களைக் கொண்டுவந்து பரப்புரை செய்தது. ஊர்க்காரர் பேசியதோ தண்ணீர் வராத குழாயையும், குவியும் குப்பையையும், நெரியும் சாலையையும் பற்றித்தான். பெரிக்காத்தானைச் சேர்ந்த பாஸ் கட்சியின் வேட்பாளர் 4,267 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2023 இல் அக்கட்சி அங்கே வென்ற வேறுபாட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பாஸ் கட்சியின் சமயக் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று அதைப் படித்தவர்கள் உண்டு. அப்படிப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சுங்கை பாக்காப்பின் வாக்காளரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் இந்தியர். இதைத் தொட்டுவிட்டால் தமிழரின் நிலையைப் பேசாமல் செல்ல இயலாது. அடுக்குகளுள் மிக ஆழமானது இது என்பது என் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புக்காக வந்த தமிழர், ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் ஒழிந்த காலத்தில் ரப்பருக்கு மாறினர், பிறகு செம்பனைக்கு. கெலடோனியா, வால்டோர், பைராம், டிரான்ஸ்கிரியான், பத்து காவான், ஜூரு என்று தெற்கும் நடுவும் தோட்டங்களாக விரிந்தன. தொழிலால் இவர்களைவிட நாட்டுப்புறத்தார் எவருமில்லை. ஆனால் அரசியல் வழக்கில் இவர்கள் நாட்டுப்புறத்தாராகக் கருதப்படவில்லை. தோட்டம் தனியார் நிலம். ஆகவே சாலைக்கும் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் அரசு ஒதுக்கிய நாட்டுப்புற வளர்ச்சிப் பணம் தோட்டத்து வேலிக்குள் நெடுங்காலம் நுழையவில்லை. மலாய்க் கம்பத்துக்கு ஊர்த்தலைவர் இருந்தார். அவசரகாலத்தில் எழுந்த சீனப் புதுக்கிராமத்துக்குக் குழு இருந்தது. தோட்டத்துக்கு மேலாளர் மட்டும் இருந்தார். கூடி முடிவெடுக்கும் அவை இல்லாத இடம் அது. நாட்டார் என்று அவர்களை அழைக்க நாடு வேண்டுமே!

எழுபதுகளுக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிற்பேட்டையும் தாமான் என்னும் குடியிருப்பும் ஆயின. தமிழர் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் விலை மலிந்த அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தனர். ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகம் நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு மாறிற்று. அந்த மாற்றத்துக்கு எவரும் அவர்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் இதற்குச் சாட்சி. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுள் பல இன்னும் இன்ன தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றே அழைக்கப்படுகின்றன. சுற்றிலும் தோட்டம் இருப்பவை சில. நகரத்தினுள்ளே எஞ்சியிருந்த தமிழ்ச் சிற்றூரான கம்போங் புவா பாலா, மாடும் கொட்டிலுமாகத் தீவின் குளுகோர் பகுதியில் இருந்தது. 2009 இல் அது இடிக்கப்பட்டது. அதில் நிலவுரிமை யாருடையது, எந்த அரசின் காலத்தில் கைமாறியது என்னும் வழக்கு நீண்டது. வீடிழந்தவர்களுக்கு ஒவ்வொரு கட்சியும் மறு கட்சியைக் கைகாட்டியது.

இந்நகர்வின் அரசியல் விளைவு 2008 இல் தெரிந்தது. முந்தைய ஆண்டு நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் பேரணி கோலாலம்பூரில் நடந்தது. அடுத்த தேர்தலில், தோட்டமும் தொழிற்சாலையும் கலந்த பத்து காவானில் பேராசிரியர் ப. இராமசாமி, அதுவரை முதலமைச்சராக இருந்த கோ சூ கூனைத் தோற்கடித்தார். பிறை சட்டமன்றத் தொகுதியையும் வென்று 2023 வரை மாநிலத்தின் இரண்டாம் துணை முதலமைச்சராக இருந்தார். 2023 இல் தமிழர் சட்டமன்றம் சென்ற தொகுதிகள் பிறை, பாகான் டாலாம், பத்து உபான். மூன்றும் நகரத் தொகுதிகள். தமிழரின் வாக்கு இன்று நகரத்தின் வாக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் பைராமிலும் சுங்கை பாக்காப்பிலும் ஜாவியிலும் எஞ்சி நிற்கும் தமிழர், மேற்சொன்ன பொருளில் நாட்டுப்புறத்தாரே. குப்பைக் கிடங்கின் புகை அவர்கள் மூச்சில்தான் முதலில் கலந்தது. நகரத் தொகுதியில் வென்ற தமிழ் உறுப்பினர் அவர்களுக்காகவும் பேசுகிறார்; எனினும் அவர்களின் வாக்கைக் கேட்டு வரவேண்டிய தேவை அவருக்கு இல்லை. நம் சமூகத்தினுள்ளும் இக்கோடு ஓடுகிறது என்பதை நம் இயக்கங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

கடைசி அடுக்கு ஊராட்சி. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்தது. 1957 இல் அது மாநகராயிற்று; அதன் மேயர்களுள் ஒருவர் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். பெருநிலத்தில் அன்று பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் தனித்தனி நகர மன்றங்களும், வடக்கு, நடு, தெற்கு மாவட்டங்களுக்கு மூன்று நாட்டுப்புற மன்றங்களும் இருந்தன. 1965 இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் 1968 இல் தந்த அறிக்கையில் தேர்தலை மீட்கப் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. 1974 இல் பெருநிலத்தின் ஐந்து மன்றங்களும் ஒன்றாக்கப்பட்டன. 1976 ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த ஒற்றை மன்றம்தான் 2019 செப்டம்பரில் மாநகர் மன்றமாக உயர்ந்த செபராங் பிறை மன்றம்.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். பெனாகாவின் வயலோரத்து வாய்க்காலும், பட்டர்வொர்த்தின் சாக்கடையும், பைராமின் குப்பையும் ஒரே மன்றத்தின் பொறுப்பு. ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். சட்டம் இடந்தரும் உறுப்பினர் மிகுதியாக 24 பேர். அனைவரையும் மாநில அரசு நியமிக்கிறது. அம்மாநில அரசின் பெரும்பான்மை நகரத் தொகுதிகளிலிருந்து வருகிறது. ஆக, பெனாகாவின் வாக்காளர் யாரை எதிர்த்து வாக்களித்தாரோ, அவர்கள் நியமித்தவரே அவர் வீட்டுவாசல் வாய்க்காலைத் தூர்வாருகிறார், அல்லது வாராமல் விடுகிறார். நியமிக்கப்பட்டவர்களுள் நேர்மையாக உழைப்போர் பலர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாய்க்காலுக்காக ஒருவரை நீக்கும் உரிமை அந்த வாக்காளருக்கு இல்லாததால், வாய்க்காலின் கோபத்தைச் சட்டமன்றத்தில் காட்டுகிறார்.

மாநில அரசு 2012 இல் ஊராட்சித் தேர்தலுக்கென ஒரு சட்டம் இயற்றியது. கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் அது செல்லாதென்றது. ஊராட்சித் தேர்தல் வந்தால் நகரங்கள் முழுவதும் சீனர் கைக்குச் செல்லும், நகர நாட்டுப்புற இடைவெளி விரியும் என்னும் அச்சம் பாஸ், அம்னோ தரப்புகளில் அடிக்கடி கேட்கிறது. ஜார்ஜ்டவுனையும் கோலாலம்பூரையும் மட்டும் மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்த அச்சத்தில் ஞாயம் தோன்றலாம். செபராங் பிறைக்கு அது தலைகீழாகப் பொருந்தும். அங்கே தேர்தல் நடந்தால் மன்றத்துள் நுழையப்போவோர் பெனாகாவும் பெர்மாத்தாங் பெராங்கானும் சுங்கை பாக்காப்பும் அனுப்பும் உறுப்பினர்கள். இன்று அம்மன்றத்தில் இடமில்லாத கட்சிகளே அதனால் முதலில் பயன்பெறும். எதிர்ப்போர் தம் நலனுக்கு எதிராகவே எதிர்க்கின்றனர். நகர அரசோ, பெருநிலத்து நியமனங்களைத் தன் கையில் வைத்திருக்கும் வசதியை விட்டுத்தரும் நிலை வருமென்பதால், 2014 தீர்ப்புக்குப் பின் முன்னைப்போல் முனைப்புக் காட்டவில்லை என்பது என் கணிப்பு.

தடையாக இருப்பது 1976 சட்டத்தின் 15 ஆம் பிரிவு; அதைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். பெருநிலத்திலிருந்து அங்கே செல்லும் உறுப்பினர் எழுவர். பாகான், புக்கிட் மெர்தாஜாம், பத்து காவான், நிபோங் திபால் நால்வர் ஆளும் அணியினர். கெப்பாளா பத்தாஸ், தாசேக் குளுகோர், பெர்மாத்தாங் பாவ் மூவர் எதிரணியினர். செபராங் பிறையில் வாழும் வாசகர், தம் உறுப்பினர் எவ்வணியைச் சேர்ந்தவராயினும், அப்பிரிவைக் குறித்து அவர் நிலைப்பாடு என்ன என்று எழுதிக் கேட்க வேண்டும்.